ஸ்டென்ட் நன்றாக இருக்கிறது, அப்புறம் ஏன் நெஞ்சு பிடிக்கிறது?

கேள்வி

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு வயது 52. மேலூர் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்க்கிறேன். ஒன்பது வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. எட்டு மாதத்துக்கு முன்னால் ஹார்ட் அட்டாக் வந்து மதுரையில் ஸ்டென்ட் வைத்தார்கள். இரண்டு மாதம் நன்றாக இருந்தேன். பிறகு தொந்தரவு ஆரம்பித்துவிட்டது. முட்டை அட்டையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினால் பாதிப் படியில் நெஞ்சைப் பிடிக்கிறது. நின்றால் விட்டுவிடுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு பத்தாத மாதிரி இருக்கிறது. சில நாள் விடியற்காலை நாலு மணிக்கு வியர்த்துப் படபடத்து முழிப்பு வருகிறது. நாள் முழுக்க அசதியாக, சடவாக இருக்கிறது. ஸ்டென்ட் வைத்த மருத்துவமனையில் ஈசிஜி, எக்கோ பார்த்துவிட்டு, ‘எல்லாம் நார்மல், ஸ்டென்ட் நன்றாக இருக்கிறது’ என்றார்கள். இன்னொரு டாக்டர் கேஸ் என்று மாத்திரை கொடுத்தார். மூன்றாவது டாக்டர் டென்ஷன் என்றார். வீட்டுக்காரரோ எல்லாம் உன் மனசுதான் என்கிறார். எனக்கு இருப்பது இதயக் கோளாறா, மனக் கோளாறா? மறுபடி ஆஞ்சியோ பார்க்க வேண்டுமா? மாத்திரைகளைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமா?

– ஒரு வாசகி, மேலூர் வட்டம்

பதில்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அம்மா. மாத்திரையை நிறுத்திப் பார்க்கக் கூடாது. ஒரு நாள்கூட. ஹார்ட் அட்டாக்குக்காக ஸ்டென்ட் (அடைத்த ரத்தக் குழாயை விரித்து வைக்கிற சின்ன வலைக் குழாய்) வைத்தவர்களுக்கு, ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துப் பொதுவாக ஒரு வருடம் கொடுக்கிறோம். ஒன்று ஆஸ்பிரின். இன்னொன்று குளோபிடோக்ரெல், பிரசுக்ரெல், டிகாக்ரெலார் இவற்றில் ஏதோ ஒன்று. உங்களுக்கு இன்னும் நாலு மாதம் பாக்கி இருக்கிறது. கேட்காமல் கொள்ளாமல் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி, திறந்துவிட்ட குழாய் திடீரென்று மூடிக்கொள்ளலாம். அது உயிருக்கே ஆபத்து. பல் பிடுங்கப் போன இடத்தில் ‘ரெண்டு நாள் நிறுத்திட்டு வாங்க’ என்று சொன்னாலும், இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகுதான்.

இனி தொந்தரவுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் எழுதியிருப்பது ஒரு நோயைப் பற்றி அல்ல என்று எனக்குப் படுகிறது. மாடி ஏறும்போது நெஞ்சு பிடிப்பது ஒன்று. உட்கார்ந்திருக்கும்போது மூச்சு பத்தாமல் போவது வேறொன்று. விடியற்காலை வியர்வையும் நாள் முழுக்க இருக்கிற சடவும் தனித்தனி. எல்லாம் ஸ்டென்டுக்குப் பிறகு வந்ததால், எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி டாக்டர் மேசையில் வைத்திருக்கிறீர்கள். மூன்று டாக்டர்களும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். கேஸ் என்றவர் விடியற்காலைத் தொந்தரவை மட்டும் கேட்டிருப்பார். டென்ஷன் என்றவர் மூச்சைப் பற்றிக் கேட்டிருப்பார். யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். மூட்டையைப் பிரித்துக்கொண்டு போனால் பதிலும் கிடைக்கும்.

இதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த மாடிப்படிதான். சுமையோடு ஏறினால் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது. இதயத் தசைக்கு ரத்தம் பத்தாமல் வருகிற வலியின் குணம் இதுதான். இதை மனசு என்று ஒதுக்க எந்த டாக்டருக்கும் உரிமை கிடையாது. மனசு சரியில்லாமல் வருகிற குத்தல் படிக்கட்டுக் கணக்கெல்லாம் பார்க்காது. படுத்திருக்கும்போதும் வரும், டிவி பார்க்கும்போதும் வரும். என்னிடம் வருகிறவர்களை ‘எங்க வலிக்குதுன்னு காட்டுங்க’ என்றுதான் முதலில் கேட்பேன். ஒரு விரலால் ஒரு புள்ளியைத் தொட்டு, அழுத்தினால் ‘ஆ’ என்றால், அது பெரும்பாலும் விலா எலும்பு, தசை சம்பந்தப்பட்டது. உள்ளங்கையை விரித்தோ முஷ்டியை மடக்கியோ நெஞ்சு நடுவில் வைத்து, ‘இந்த இடம் பூரா பாரமா இருக்கு’ என்றால் நான் உட்காருகிற விதமே மாறிவிடும். நீங்கள் எப்படிக் காட்டுவீர்கள் என்று யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஈசிஜியும் எக்கோவும் நார்மல் என்றார்களே? அவர்கள் பொய் சொல்லவில்லை. நீங்கள் படுத்து ஓய்வாக இருக்கும்போது எடுத்த ஈசிஜி, அந்த நேரத்தில் இதயம் எப்படி இருந்தது என்பதை மட்டும் காட்டும். படி ஏறும்போது என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. எக்கோ இதயத் தசை சுருங்கும் வலுவையும் வால்வுகளையும் காட்டும். ரத்தக் குழாயின் அடைப்பை அது நேராகக் காட்டாது. இரண்டும் நார்மல் என்றால், அட்டாக்கினால் தசை பெரிதாகக் கெட்டுப் போகவில்லை என்று அர்த்தம். அது நல்ல செய்திதான். உங்கள் கேள்விக்கு விடை வேறு இடத்தில் இருக்கிறது.

எங்கே இருக்கலாம்? ஸ்டென்டுக்குள் திசு வளர்ந்து மறுபடி குறுகியிருக்கலாம். இப்போது வைக்கிற மருந்து தடவிய ஸ்டென்டுகளில் இது குறைவு. ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். வருவதானால் பெரும்பாலும் முதல் ஒரு வருடத்துக்குள் வரும். உங்களுக்கு இரண்டு மாதம் நன்றாக இருந்து, பிறகு வலி திரும்பியிருப்பதால் இதை முதலில் பார்க்க வேண்டும். அடுத்தது, ஸ்டென்ட் வைக்காமல் விட்ட வேறு குழாய். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். எல்.ஏ.டி., எல்.சி.எக்ஸ்., ஆர்.சி.ஏ. என்று மூன்று குழாய்களுக்கும் ஒவ்வொரு வரி இருக்கும். ஸ்டென்ட் ஒன்றில் வைத்திருப்பார்கள். மற்றொன்றில் ‘60 சதவீதம், மருந்து போதும்’ என்று எழுதியிருந்தால் அந்த வரிக்கு அடியில் பேனாவால் கோடு போட்டுக் கொண்டு போங்கள். அட்டாக் வந்த அன்று எது உயிரைக் கேட்டதோ அதைத்தான் திறந்திருப்பார்கள். மிச்சத்தைப் பிறகு பார்ப்பதாக வைத்திருப்பார்கள். அந்தப் ‘பிறகு’ பல வீடுகளில் மறந்தே போகிறது.

மூன்றாவது காரணத்தைப் பற்றித்தான் நம் ஊரில் பேச்சே இல்லை. ஆஞ்சியோ என்கிற ரத்தக் குழாய்ப் படத்தில் தெரிவது இதயத்தின் மேற்பரப்பில் ஓடுகிற பெரிய குழாய்கள் மட்டும். அரை மில்லிமீட்டருக்கும் சிறிய குழாய்கள் படத்தில் பிரிந்து தெரியாது. தசைக்குள் ரத்தத்தைப் பங்கிடுவதே அவைதான். மேலூர்க்காரருக்கு இதை விளக்குவது சுலபம். பெரியாறு கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்பதாலேயே கடைமடை வயல் நனைந்துவிடாது. வாய்க்கால் சரியாக இருக்க வேண்டும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மாதவிலக்கு நின்ற பிறகான உடல் மாற்றம் இவையெல்லாம் அந்தச் சின்னக் குழாய்களைக் கெடுக்கும். பெண்களிடம் இதை அதிகம் பார்க்கிறோம். பெரிய குழாய் சுத்தமாக இருந்தும் நெஞ்சு பிடிப்பதால், ‘ஒண்ணுமில்ல, போங்க’ என்று அதிகம் திருப்பி அனுப்பப்படுகிறவர்களும் பெண்கள்தான்.

ஸ்டென்ட் வைத்த பிறகும் வலி இருப்பது உங்களுக்கு மட்டும் நேர்ந்த அதிசயம் இல்லை என்பதற்காக ஒன்று சொல்கிறேன். ஆந்திரேயாஸ் குருன்ட்ஸிக் என்ற டாக்டர் 1977-இல் சூரிச் நகரில் முதல்முறையாக இதயக் குழாயைப் பலூனால் விரித்தார். அன்றிலிருந்து இந்தச் சிகிச்சை பெரிய குழாயின் அடைப்பைத் திறப்பதில்தான் தேர்ந்து வந்திருக்கிறது. 2023-இல் பிரிட்டனில் ஆர்பிட்டா-2 என்ற ஆய்வு வெளிவந்தது. ஹார்ட் அட்டாக் இல்லாமல், நடந்தால் நெஞ்சு வலி என்று வந்த 301 பேரில் பாதிப் பேருக்கு நிஜமாகவே ஸ்டென்ட் வைத்தார்கள். மீதிப் பேருக்கு வைத்த மாதிரி மட்டும் செய்தார்கள். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வலி நன்றாகவே குறைந்தது. அப்படியும் முழுசாக வலி விட்டுப் போனவர்கள் பாதிக்கும் குறைவு. அவர்கள் நெஞ்சுவலி மாத்திரை இல்லாமல் இருந்தவர்கள், உங்கள் நிலை வேறு. ஆனாலும் குழாய் திறந்துவிட்டால் வலி போயே தீர வேண்டும் என்பது நாமாகப் போட்டுக்கொண்ட கணக்கு என்று அதிலிருந்து தெரிகிறது.

அடுத்தது மூச்சு. மாத்திரைகளின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அட்டையின் பின்பக்கம் பாருங்கள். காலை ஒன்று, இரவு ஒன்று என்று போடுகிற மாத்திரையில் டிகாக்ரெலார் 90 என்று இருந்தால், மூச்சுக்குக் காரணம் அதுவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 2009-இல் வந்த பிளேட்டோ ஆய்வில், இந்த மாத்திரை எடுத்தவர்களில் 100-க்கு ஏறக்குறைய 14 பேர் மூச்சுத் தொந்தரவு சொன்னார்கள். குளோபிடோக்ரெல் எடுத்தவர்களில் 8 பேர்தான். இதன் குணமே தனி. நடந்தால் வரும் என்று இல்லை. சும்மா இருக்கும்போது, ஒரு பெருமூச்சு விட்டால்தான் சரியாகும் போல இருக்கும், விட்டாலும் சரியாகாது. விரலில் மாட்டிப் பார்க்கிற கருவியில் ஆக்சிஜன் அளவு சரியாகவே இருக்கும். நுரையீரலும் கெடுவதில்லை. பலருக்குத் தானாகவே குறைந்துவிடும். உங்களுக்குக் குறையவில்லை என்றால், டாக்டர் அதை எடுத்துவிட்டு வேறொன்றுக்கு மாற்ற முடியும். எந்த மாத்திரையிலிருந்து எதற்கு, எத்தனை மணி நேரம் கழித்து, முதல் வேளை எவ்வளவு என்பதற்கெல்லாம் முறை இருக்கிறது. நீங்களாகவே மாற்றாதீர்கள், மருந்துக் கடையில் சொல்லியும் மாற்றாதீர்கள். குளோபிடோக்ரெலுக்கு மாற்றினால் வயிற்றுக்குப் போடும் மாத்திரை எது என்பதையும் காட்டுங்கள். ஒமெப்ரசோல், எசோமெப்ரசோல் இரண்டும் குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கும். பாண்டோப்ரசோலில் அந்தத் தொல்லை குறைவு.

மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரண்டு தலையணை வேண்டியிருக்கிறது, கால் வீங்குகிறது என்றால் கதை வேறு. அது இதயம் திணறுவதன் அடையாளம். எக்கோ நார்மலாக இருந்தாலும் அப்படி வரலாம். இதைக் கண்டுபிடிக்க என்டி-புரோ-பிஎன்பி என்று ஒரு ரத்தச் சோதனை இருக்கிறது. மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறதா என்பதையும் கவனியுங்கள். உறைவுத் தடுப்பு மாத்திரைகள் வயிற்றில் சத்தமில்லாமல் ரத்தம் கசிய வைக்கும். ரத்தம் குறைந்தால் மூச்சு வாங்கும், சடவு வரும், மாடி ஏறினால் நெஞ்சும் பிடிக்கும். விலை குறைந்த ஹீமோகுளோபின் சோதனையைப் பார்க்காமலே பெரிய ஸ்கேன்களுக்கு ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விடியற்காலை வியர்வையில் நான் முதலில் சந்தேகப்படுவது சர்க்கரை மாத்திரையை. கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, ராத்திரி இரண்டு இட்லியோடு படுத்துவிட்டால், நாலு மணிக்குச் சர்க்கரை இறங்கி வியர்த்து எழுப்பிவிடும். மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் மாதிரி இதயத் துடிப்பைக் குறைக்கிற மாத்திரைகள், சர்க்கரை இறங்கும்போது வருகிற நடுக்கத்தையும் படபடப்பையும் ஓரளவு மறைத்துவிடும். வியர்வையை மறைக்காது. அடுத்த முறை முழிப்பு வந்தால் பயந்து உட்கார்ந்திருக்காமல் குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் உடனே சர்க்கரை கரைத்த தண்ணீர் குடியுங்கள், மறுநாளே சர்க்கரை டாக்டரிடம் சொல்லி மாத்திரை அளவைச் சரிசெய்யுங்கள். சர்க்கரை சரியாக இருந்தும் அதே நேரத்தில் நெஞ்சு இறுக்கினால், ரத்தக் குழாய் தானாகச் சுருங்கி இழுக்கிற வகையாக இருக்கலாம். அது ஓய்வில், விடிகிற நேரத்தில் வருவது வழக்கம். அதற்கு வேறு மாத்திரைகள் உண்டு. தொண்டை வரை புளித்து வந்தால், கேஸ் என்றவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. துடிப்பு தாறுமாறாக ஓடுகிற மாதிரி இருந்தால், 24 மணி நேரம் மார்பில் ஒட்டிவிடுகிற ஹோல்டர் கருவியைக் கேளுங்கள். அதை மாட்டிக்கொண்டு வீட்டில் படுத்துக் கிடக்காமல் வழக்கமான வேலைகளைச் செய்யுங்கள், நாலு மணி முழிப்பும் அதில் பதிவாகட்டும்.

சடவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். ஸ்டென்ட் வைத்தவர்தான். நாலு எட்டு வைத்தாலே உட்காரத் தோன்றுகிறது என்றார். மாத்திரைச் சீட்டைக் காட்டச் சொன்னால் மூன்று சீட்டு நீட்டினார். ‘சீட்டு வேண்டாம்யா, மாத்திரையக் கொட்டுங்க’ என்றேன். மஞ்சள் பையிலிருந்து மேசை மேல் கொட்டினார். பாதி கிழிந்த அட்டைகள், ஒரு தைல டப்பா, பழைய பஸ் டிக்கெட் எல்லாம் விழுந்தன. நீலப் பெட்டியில் மெட்டோப்ரோலால். வெள்ளைப் பெட்டியிலும் மெட்டோப்ரோலால், கம்பெனி மட்டும் வேறு. இரண்டு டாக்டர்கள் எழுதியது, இரண்டையும் விசுவாசமாகப் போட்டு வந்திருக்கிறார். நாடி நிமிடத்துக்கு 46. ஒன்றை நிறுத்தியதும் அடுத்த முறை தானாகவே படி ஏறி வந்தார். நீங்களும் மூன்று டாக்டர்களைப் பார்த்திருக்கிறீர்கள். சீட்டோடு எல்லா மாத்திரைகளையும் பையோடு கொண்டு போய்க் கொட்டுங்கள். தைராய்டு பார்த்து ஒரு வருடம் ஆகியிருந்தால் டிஎஸ்எச் சோதனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொடை, தோள் தசைகள் கடுகடுவென்று வலித்தால், கொழுப்பு மாத்திரையால் இருக்கலாம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மனசு என்று வீட்டுக்காரர் சொன்னாரே, அதற்கும் பதில் சொல்ல வேண்டும். அட்டாக் வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதைக் கவனித்தால் இதயத்துக்கும் நல்லது. ஆகவே தூக்கம், அழுகை, எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது இவற்றை டாக்டரிடம் மறைக்காதீர்கள். ஆனால் இதயம், மனசு என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி உங்களிடம் யாரும் கேட்க முடியாது. இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் இருக்கலாம். மனக் கவலை ரத்தக் குழாயைச் சுருக்கி நிஜமான நெஞ்சுவலியையே கொண்டுவரும். வரிசையும் முக்கியம்: இதயத்தைச் சோதித்து முடித்த பிறகுதான் மனசு என்று சொல்லலாம், சோதிக்காமல் சொல்லக் கூடாது. அடுத்த முறை வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு உள்ளே போங்கள். வெளியே பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள்.

நாலாவது டாக்டரைத் தேட வேண்டாம். ஸ்டென்ட் வைத்த இடத்துக்கே திரும்பப் போங்கள். ஆஞ்சியோ படம் அங்கேதான் இருக்கிறது. இந்த முறை ‘ஸ்டென்ட் நல்லா இருக்கா டாக்டர்?’ என்று கேட்காதீர்கள். நல்லா இருக்கு என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். ‘மாடி ஏறினா எட்டாவது படியில நெஞ்சு பிடிக்குது, நின்னா ரெண்டு நிமிஷத்துல விடுது. இது ரத்தம் பத்தாததால வருதா? அதை எந்த டெஸ்ட்ல பார்க்கலாம்?’ என்று கேளுங்கள். எட்டாவது படி என்று நானாகச் சொன்னேன், நீங்கள் எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள். ஒரு வாரம் பழைய நோட்டில் எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருந்தேன், எவ்வளவு நேரம், எப்படி நின்றது. சத்துணவுக் கூடத்துக் கணக்கையே தினமும் எழுதுகிற உங்களுக்கு இது பெரிய வேலை இல்லை.

உடனே ஆஞ்சியோவா என்றால், வலி இதே அளவில் இருக்கும்வரை முதலில் உழைப்புச் சோதனை. டிஎம்டி என்று சொல்கிற டிரெட்மில் சோதனை எல்லா ஊரிலும் இருக்கிறது. ஆனால் பெண்களுக்கு அதில் இல்லாத கோளாறு இருப்பதாகக் காட்டுவது கொஞ்சம் அதிகம். அதனால் இதயத்தை வேகமாகத் துடிக்க வைத்துப் பார்க்கும் ஸ்ட்ரெஸ் எக்கோ, அல்லது ஐசோடோப் ஊசி போட்டு எடுக்கும் ஸ்கேன் இன்னும் தெளிவாகச் சொல்லும். அதில் தசையின் ஒரு பகுதிக்கு ரத்தம் பத்தவில்லை என்று வந்தால் ஆஞ்சியோ. அப்போது 50, 60 சதவீதம் என்று கண்ணால் மதிப்பிடுவதோடு விடாமல், அழுத்தம் அளக்கிற கம்பியை உள்ளே விட்டுப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். எஃப்.எஃப்.ஆர். என்று சொல்வார்கள். அளவு 0.80 அல்லது அதற்குக் கீழே என்றால் அந்த அடைப்பு ரத்தத்தைத் தடுக்கிறது என்று அர்த்தம். பெரிய குழாய்கள் சரி என்றால், சின்னக் குழாய்களை அளக்கிற சோதனையும் அதே நேரத்தில் செய்யலாம். எல்லா இடத்திலும் அந்த வசதி இல்லை. வசதி இல்லாவிட்டாலும் கால்சியம் தடுப்பான், நிக்கோரண்டில், ரனோலசின் போன்ற மாத்திரைகளைச் சேர்த்துப் பார்த்து, வலி குறைகிறதா என்று தீர்மானிக்கிற வழக்கம் உண்டு.

வலி அடிக்கடி வர ஆரம்பித்தால், முன்பு மாடி ஏறினால் வந்தது இப்போது வாசல் வரை நடந்தாலே வந்தால், இந்த வரிசையெல்லாம் பார்க்க வேண்டாம். அன்றைக்கே போய்விடுங்கள்.

பணத்தை நினைத்துத் தள்ளிப் போடாதீர்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில், அதுதான் நம் பெரியாஸ்பத்திரியில், இதயப் பிரிவும் ஆஞ்சியோ செய்கிற கேத் லேபும் இருக்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்டென்ட் வைத்த இடத்தில் ஆஞ்சியோ சிடியைக் கேட்டு வாங்கி வையுங்கள். அது உங்களுக்குச் சொந்தமான தகவல், கேட்பதில் கூச்சம் வேண்டாம். அந்தச் சிடி இருந்தால் எந்த ஊரில் இரண்டாவது கருத்து கேட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட் 5 மாத்திரை கொடுத்திருக்கிறார்களா? இடுப்புச் சுருக்குப் பையில் எப்போதும் இருக்கட்டும். வலி வந்தால் நின்றுகொண்டு வைக்காதீர்கள், உட்கார்ந்து வையுங்கள். ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம். ஐந்து நிமிடத்தில் வலி விடவில்லை என்றாலோ, வியர்வை, வாந்தி, தாடை அல்லது கைக்குப் பரவுகிற வலி சேர்ந்து வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். மகன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து மாட்டுத்தாவணி வரை வந்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். ஆம்புலன்ஸ் வரச் சுணங்கினால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் முதல் வேளை மாத்திரைகளை அங்கேயே கொடுக்கிறார்கள். அந்த நாக்கு மாத்திரையில் வலி நின்றுவிட்டது என்பதால் அது இதய வலிதான் என்று உறுதி சொல்லிவிடவும் முடியாது. உணவுக் குழாய் இழுத்துப் பிடித்தாலும் அதே மாத்திரையில் விடும்.

வாட்ஸ்அப்பில் வருகிற பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, வினிகர் கஷாயம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் யாராவது கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள். அது அடைப்பைக் கரைக்காது. ஆபரேஷன் இல்லாமல் அடைப்பை எடுப்பதாக டிரிப்ஸ் ஏற்றுகிற இடங்களுக்கும் இதே பதில்தான். ரசத்தில் பூண்டு தாராளமாகப் போட்டுச் சாப்பிடுங்கள், மாத்திரைக்குப் பதிலாக அதை வைக்காதீர்கள்.

சோதனை முடிவு வரும்வரை முட்டை அட்டையை வேறு யாராவது தூக்கட்டும். தலைமை ஆசிரியரிடம் சொல்லிச் சாமான் அறையைக் கீழே மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. சாப்பிட்ட கையோடு மாடி ஏறாதீர்கள், அந்த நேரத்தில் இதயத்துக்கு வேலை அதிகம். வெயிலுக்கு முன்னால் சமதளத்தில் பத்து நிமிடம், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் நடக்கலாம். வலி வந்தால் நின்றுவிட வேண்டும்.

டிஎம்டிக்கு நாள் கொடுத்தால், அன்று காலையில் மெட்டோப்ரோலால் போட வேண்டுமா வேண்டாமா என்று முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சில நேரம் நிறுத்தச் சொல்வோம், சில நேரம் மருந்தோடு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காகப் போடச் சொல்வோம். காலையில் லேசாகச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். சேலை கட்டிக்கொண்டு போக வேண்டாம். ஓடுகிற பட்டையில் கொசுவம் தடுக்கும் என்று பயந்து மெதுவாக நடப்பீர்கள், சோதனை பாதியில் நின்றுவிடும். மகளின் சுடிதார் ஒன்றைப் போட்டுக்கொண்டு, வார் வைத்த செருப்போடு போங்கள்.